கார்க் நகரத்துக் கிட்னி ஸ்டியூ: பாதிச் சமையல் உப்புத்தண்ணீரிலேயே முடிந்துவிடும்

ஐரிஷ் ஸ்டியூ என்றதும் ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம் சேர்ந்த குழம்புதான் பலருக்கு நினைவுக்கு வரும். சாசேஜும் பேக்கனும் போட்டு டப்ளின்காரர்கள் செய்யும் ‘காடில்’ பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். நாட்டின் தெற்கே, லீ ஆற்றங்கரையில் இருக்கும் கார்க் நகரத்துக்கு இவை இரண்டும் இல்லாத வேறொரு ஸ்டியூ சொந்தம். பெயர் ‘ஸ்கர்ட்ஸ் அண்ட் கிட்னீஸ்’. பன்றியின் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத் தசைதான் ஸ்கர்ட். அதையும் பன்றிக் கிட்னியையும் வெங்காயத்தோடு மெல்லிய தீயில் வேகவைத்து, லேசாக மாவு கரைத்துக் கெட்டியாக்கி, வெடித்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றிச் சாப்பிடுவார்கள். மசாலா என்று பார்த்தால் உப்பும் வெள்ளை மிளகும் மட்டும்தான்.

நான் கார்க்குக்குக் குடிவந்து வருடங்கள் ஆகின்றன. எங்கள் வீடு ஆற்றுக்கு வடக்கே, மேட்டுத் தெருக்கள் நிறைந்த பகுதியில். இந்த ஸ்டியூவை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு மூதாட்டி. அவருடைய அப்பா அந்தக் காலத்தில் பேக்கன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சம்பளத்தோடு உள்ளுறுப்புகளும் காகிதப் பொட்டலத்தில் வீட்டுக்கு வருமாம். வெள்ளிக்கிழமை மாலை பொட்டலம் வந்தாலும் அன்று சமைக்க முடியாது, அந்தக் காலத்தில் கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமை இறைச்சியைத் தொடமாட்டார்கள். அதனால் அம்மா கிட்னியை நறுக்கி உப்புத்தண்ணீரில் போட்டு, குளிர்ந்த பின்கட்டில் இரவு முழுக்க வைத்துவிடுவாராம். சனிக்கிழமை மதியம் ஸ்டியூ. அந்த இரவு ஊறல்தான் குழம்பை நல்ல குழம்பாக்கியது என்பது அவருடைய உறுதியான கருத்து. சமைத்துச் சமைத்துப் பார்த்து எனக்கும் அது உறுதியாகிவிட்டது.

இப்படி ஒரு சாப்பாடு இந்த ஊரில் வேர்விட்டதற்குக் காரணம் துறைமுகம். இங்கிலாந்து 1663-லும் 1667-லும் கால்நடைச் சட்டங்கள் போட்டு, அயர்லாந்திலிருந்து உயிருள்ள மாடுகள் வருவதைத் தடுத்தது. மாட்டை ஓட்டிப்போய் விற்க முடியாது என்றானதும் இங்கேயே அறுத்து, உப்பிட்டு, பீப்பாயில் அடைத்து அனுப்பத் தொடங்கினார்கள். உப்பிட்ட மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் வெண்ணெயும் பிரிட்டிஷ் கடற்படைக்கும், அடிமை உழைப்பில் ஓடிய கரீபியக் கரும்புத் தோட்டங்களுக்கும் கார்க்கிலிருந்து கப்பல் கப்பலாகப் போயின. ஷாண்டன் பகுதியில் 1770-இல் தொடங்கிய வெண்ணெய்ச் சந்தை 1924 வரை நடந்தது. 1845-இல் பெரும் பஞ்சம் தொடங்கி மக்கள் சாகும்போதும் இந்தத் துறைமுகத்திலிருந்து உணவு வெளியே போய்க்கொண்டுதான் இருந்தது. அதை நினைக்காமல் இந்த ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

பீப்பாயில் போகாதவை ஊரிலேயே தங்கின. குடல், கிட்னி, கால், தலை, வால், விலா எலும்பு எல்லாம் மலிவாகக் கிடைத்தன. அவற்றை வைத்தே ஒரு நகரம் தன் சமையலைக் கட்டிக்கொண்டது. பன்றிக்கால் இங்கே ‘க்ரூபீன்’. உப்பிட்ட விலா ‘பாடிஸ்’. ரத்தத்தில் செய்த ‘டிரிஷீன்’ என்ற புட்டிங்கை, பாலிலும் வெங்காயத்திலும் வெந்த குடலோடு சாப்பிடுவார்கள். இந்த வரிசையில் புதிதாகச் சமைக்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஸ்கர்ட்ஸ் அண்ட் கிட்னீஸ்தான். குடலைப் போல மெல்லும் பக்குவம் பழக வேண்டியதில்லை, டிரிஷீனைப் போல நாக்குக்குப் புதிய பதமும் இல்லை. கறிக்குழம்பு சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு இதில் அந்நியமாக எதுவும் தெரியாது.

நான் கறி வாங்குவது இங்லிஷ் மார்க்கெட்டில். 1788-இல் திறந்த சந்தை. கிராண்ட் பரேடிலும் பிரின்சஸ் ஸ்ட்ரீட்டிலும் வாசல்கள் உண்டு. 1980-இல் ஒரு பெரிய தீ விபத்தைப் பார்த்து, மீண்டும் கட்டப்பட்டு, இன்னும் அன்றாடம் மக்கள் வாங்கிப் போகும் சந்தையாகவே இருக்கிறது. ஸ்கர்ட் எல்லா நாளும் எல்லாக் கடையிலும் இருக்காது. ஐரிஷ் பன்றியின் உள்ளுறுப்புகள் இப்போது நிறையவே சீனா போன்ற நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன, அதனால் முந்தைய நாளே சொல்லிவைப்பது நல்லது. கறிக்கடைக்காரரிடம் எதற்கு என்று சொல்லிக் கேட்டால் அவருக்கும் உற்சாகம் வந்துவிடும். இங்கே கடைக்காரர்கள் எந்த வயதுப் பெண்ணையும் ‘கேர்ள்’ என்றுதான் கூப்பிடுவார்கள். “கிட்னியை நான் பிளந்து தரட்டுமா கேர்ள், வீட்டிலேயே செய்துகொள்கிறாயா?” என்று கேட்பார். நான் முழுசாகவே வாங்கிக்கொள்வேன். பிளந்த கிட்னி சீக்கிரம் கெடும், முழுசாக இருந்தால் அதன் நிலையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

நல்ல கிட்னி பளபளப்பாக, செம்பழுப்பு நிறத்தில், அழுத்தினால் மீண்டு எழும்பும்படி உறுதியாக இருக்கும். லேசான வாடை இருக்கத்தான் செய்யும், அது உறுப்பின் இயல்பு. மூக்கைக் குத்தும் அம்மோனியா நெடி அடித்தாலோ, தொட்டால் பிசுபிசுத்தாலோ, சாம்பல் அல்லது பச்சை படிந்திருந்தாலோ வாங்க வேண்டாம். எந்த ஊறலும் அதைச் சரிசெய்யாது. ஸ்கர்ட் அடர்சிவப்பாக, தட்டையான பட்டை போல, இரண்டு பக்கமும் வெள்ளிச் சவ்வோடு வரும். பன்றி உயிரோடு இருந்தவரை மூச்சுக்கு மூச்சு உழைத்த தசை அது. அதனால்தான் ருசி அதிகம், அதனால்தான் இழையும் தடிமன்.

நான்கு பேருக்கு ஸ்கர்ட் முக்கால் கிலோ, பன்றிக் கிட்னி இரண்டு, பெரிய வெங்காயம் இரண்டு போதும். கிட்னி இதற்கு மேல் போனால் குழம்பு முழுக்க அதன் வாசனையே தூக்கும். வாங்கிய அன்றோ மறுநாளோ சமைத்துவிட வேண்டும். ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில், மூடிய பாத்திரத்தில் வையுங்கள்.

இனி வருவது சுத்தம் செய்யும் வேலை. இந்தச் சமையலில் உங்கள் நேரமும் கவனமும் இங்கேதான் போக வேண்டும்.

கிட்னியின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய தோல் இருக்கும். ஒரு ஓரத்தில் நகத்தால் கிள்ளி இழுத்தால் முழுதாக உரிந்து வரும். பிறகு பலகையில் தட்டையாகக் கிடத்தி, உள்ளங்கையால் மேலே லேசாக அழுத்திக்கொண்டு, பக்கவாட்டில் கத்தியைச் செலுத்தி இரண்டு தட்டைப் பாதிகளாகப் பிளக்க வேண்டும். உள்ளே வெள்ளையாகக் கிளை பிரிந்து ஓடுவது தெரியும். சிறுநீர் சேர்ந்து வெளியேறும் பாதை அதுதான். வாடைக்கு முக்கியக் காரணம் அங்கே இருக்கிறது, ரப்பர் போல மெல்ல முடியாத பகுதியும் அதுதான். கத்தியை விட நுனி கூரான சின்னக் கத்தரிக்கோல் இதற்கு நல்லது. வெள்ளையின் ஒரு முனையை இடது கையால் தூக்கிப் பிடித்து, அடியில் கத்தரித்துக்கொண்டே போனால் கிளைகளோடு வந்துவிடும். ஆழத்தில் மிச்சம் இருக்கும் துணுக்குகளையும் விடாதீர்கள். ஓரத்தில் கொஞ்சம் சிவப்புச் சதை சேர்ந்து போனால் பரவாயில்லை, வெள்ளை ஒரு துளியும் தங்கக் கூடாது. மூதாட்டி வீட்டில் இதற்கென்றே ஒரு பழைய கத்தரிக்கோல் உண்டு, வேறு எதற்கும் அதை எடுக்க விடமாட்டார்.

சுத்தம் செய்ததை 2 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, 1 லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் 1 மேசைக்கரண்டி உப்புக் கரைத்து அதில் போடுங்கள். சற்று நேரத்தில் தண்ணீர் சிவந்து கலங்கும். அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக உப்புத்தண்ணீர் மாற்ற வேண்டும். தண்ணீர் ஓரளவு தெளிவாகும்வரை இப்படி மாற்றினால் போதும். அவசரம் என்றால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். எனக்கு இரவு முழுக்க ஃபிரிட்ஜில் ஊறியதுதான் பிடிக்கும், காலையில் எடுக்கும்போது வாடை அடங்கி, துண்டுகள் வெளிறிப்போய் இருக்கும். சிலர் பாலில் ஊறவைக்கிறார்கள். பால் வாடையைக் கொஞ்சம் மூடும், ஆனால் ரத்தத்தை உப்புத்தண்ணீர் அளவுக்கு இழுப்பதாக எனக்குத் தெரியவில்லை. மஞ்சள்தூள் போட்டுக் கழுவலாமா என்று நம் ஊர்த் தோழிகள் கேட்பதுண்டு. இந்தக் குழம்புக்கு வேண்டாம், அதன் வாசனையும் நிறமும் வெளிறிய சாற்றில் அப்படியே துருத்திக்கொண்டு நிற்கும்.

கழுவும்போது குழாயை வேகமாகத் திறந்துவிடாதீர்கள். தெறிக்கும் தண்ணீரில் பச்சைக் கறியின் கிருமிகள் சமையலறை முழுக்கப் பரவும். பாத்திரத்துக்குள் கையால் அலசி, தண்ணீரை மெதுவாகச் சாய்த்துக் கொட்டினால் போதும்.

ஸ்கர்ட்டின் சவ்வை உரிப்பதற்குக் கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டும். ஒரு ஓரத்தில் கத்தி நுனியை சவ்வுக்கு அடியில் விட்டு விரல் நுழையும் அளவுக்குத் தூக்குங்கள். ஈரக் கையில் அது வழுக்கும், அதனால் உலர்ந்த சமையலறைக் காகிதத்தால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கறியைப் பலகையோடு அழுத்தி, நிதானமாக இழுக்க வேண்டும். நீளமாக உரிந்து வந்தால் மனதுக்கு ஒரு திருப்தி. உரிக்காமல் விட்டால் வேகும்போது சவ்வு சுருங்கி, துண்டுகளைச் சுருட்டிவிடும். எவ்வளவு நேரம் வெந்தாலும் பல்லில் நூலாக மாட்டும். கொழுப்பில் தடித்த கட்டிகளை மட்டும் எடுத்துவிட்டு, மெல்லியதாகப் படர்ந்திருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள், குழம்புக்கு வழவழப்பு அதிலிருந்துதான் வருகிறது. கடைசியாக இழைக்குக் குறுக்கே 3 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்ட வேண்டும். இழையோடு வெட்டினால் நாராக வரும்.

அடுப்பில் செய்யும் வேலை குறைவு. அடிகனமான பாத்திரத்தில் ஒரு துண்டு வெண்ணெய் போட்டு, நீளவாக்கில் நறுக்கிய வெங்காயத்தை மூடி வைத்து வதக்குங்கள். கண்ணாடிப் பதம் வந்தால் போதும், சிவக்க விடக் கூடாது. அதன் மேல் ஸ்கர்ட்டும் வடிகட்டிய கிட்னியும் சேர்த்து, கறி மூழ்கி ஒரு விரல் உயரம் நிற்கும்படி தண்ணீர் ஊற்ற வேண்டும். சுமார் 700 மில்லி பிடிக்கும். உப்பில்லாத எலும்புச் சாறு இருந்தால் இன்னும் நல்லது. ஒரு கொத்து தைம் என்ற வாசனைத் தழை போடலாம். அரைத் தேக்கரண்டி வெள்ளை மிளகுத்தூள் கட்டாயம் வேண்டும்.

கறியை முதலில் வறுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். எந்த ஸ்டியூவுக்கும் சொல்லப்படும் பாடம் அது. கார்க் வீடுகளில் இதற்கு வறுப்பதில்லை, நானும் வறுப்பதில்லை. வறுத்தால் வாசனை தூக்கலாக இருக்கும், சரிதான், ஆனால் வறுவல் ருசி மேலே ஏறி, ஸ்கர்ட்டின் இனிப்பும் வெங்காயத்தின் இனிப்பும் அடியில் போய்விடும். இந்தக் குழம்பின் அழகு அந்த இரண்டு இனிப்பும் கிட்னியின் லேசான கசப்பும் சேரும் இடத்தில் இருக்கிறது. இஞ்சி, பூண்டு, கிராம்பு வேண்டாம் என்பதும் இதனால்தான். மசாலாப் பொருள் தெரியாத ஊர் இல்லை இது. கிறிஸ்துமஸுக்குக் கிராம்பும் மிளகும் ஆல்ஸ்பைஸும் தேய்த்து ஊறவைத்த ‘ஸ்பைஸ்டு பீஃப்’ இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அந்த மசாலாவைத் தெரிந்தே இந்தப் பானைக்குள் விடவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். வேறு இடத்தில் மசாலா செய்யும் வேலையை இங்கே கத்தரிக்கோலும் உப்புத்தண்ணீரும் முன்பே செய்துவிடுகின்றன.

கொதி வரும்போது சாம்பல் நிறத்தில் நுரை பொங்கும். அதைக் கரண்டியால் பொறுமையாக எடுங்கள். பிறகு தீயை நன்றாகக் குறைத்து, ஒன்றிரண்டு குமிழி மட்டும் மேலே வரும்படி வைத்து, மூடியைச் சற்றே ஒருக்களித்து மூட வேண்டும். ஒன்றரை மணி நேரம். கிட்னிக்கு ஒரு குணம் உண்டு. சில நிமிடங்கள் மட்டும் சமைத்தால் மென்மையாக இருக்கும், அதைத் தாண்டினால் இறுகும், ஒரு மணி நேரத்துக்கு மேல் மெல்லிய தீயில் இருந்தால் மறுபடி இளகிவிடும். அரை மணி நேரத்தில் எடுத்துக் கடித்துப் பார்த்து “கல்லாக இருக்கிறதே” என்று கலங்குபவர்கள் நிறையப் பேர். பேசாமல் மூடி வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

பிரஷர் குக்கரில் வைக்கலாமா? வெந்துவிடும், சந்தேகமில்லை. ஸ்கர்ட்டுக்குக் குறை வராது. கிட்னி மட்டும் மாவாக உதிரத் தொடங்கி, சாறு கலங்கிப்போகும். சாதாரணப் பானையில் செய்வதையே நான் சொல்வேன்.

உப்பைக் கடைசியில்தான் சேர்க்கிறேன், கிட்னி ஏற்கெனவே உப்புத்தண்ணீரில் ஊறியிருக்கிறது, சாறும் சுண்டியிருக்கும். கெட்டியாக்க, ஒரு மேசைக்கரண்டி மைதாவை அதே அளவு வெண்ணெயோடு பிசைந்து, சிறு உருண்டைகளாகச் சாற்றில் போட்டுக் கலக்கி, ஐந்து நிமிடம் கொதிக்க விட வேண்டும். மூதாட்டி குளிர்ந்த பாலில் சோளமாவு கரைத்து ஊற்றுவார், அதுவும் நன்றாகத்தான் இருக்கும். கரண்டியின் பின்புறத்தில் மெல்லிசாகப் படிந்தால் பதம் சரி. கூழாகிவிடக் கூடாது. இறக்கும்போது பொடியாக நறுக்கிய பார்ஸ்லி தூவலாம். பார்வைக்கு இது சாம்பல் கலந்த பழுப்புக் குழம்பு, படம் எடுத்தால் எடுபடாது. அதற்காக நிறம் சேர்க்க எதையாவது ஊற்றாதீர்கள்.

உருளைக்கிழங்கைப் பற்றி இந்த ஊரில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். மாவுப் பதமான கிழங்குதான் வேண்டும், கெர்ஸ் பிங்க் அல்லது கோல்டன் வொண்டர். தோலோடு வேகவைத்து, முக்கால்வாசி வெந்ததும் தண்ணீரை வடித்துவிட்டு, பாத்திரத்தின் மேல் சுத்தமான துணி போட்டு மூடி, மிகச் சிறிய தீயில் ஆவியிலேயே முடிக்க வேண்டும். தோல் வெடித்து உள்ளே வெள்ளையாகப் பூத்து நிற்கும். தட்டில் ஆளாளுக்குத் தோலை உரித்து ஓரமாக வைத்துவிட்டு, கிழங்கை முள்கரண்டியால் உடைத்து, குழம்பை ஊற்றிச் சாப்பிடுவது வழக்கம். கிழங்கைக் குழம்புக்குள்ளேயே போட்டு வேகவைத்தால் சாற்றை எல்லாம் அது குடித்துவிடும். சோற்றோடு சாப்பிட்டுப் பார்த்திருக்கிறேன், நன்றாகவே சேர்கிறது, மிளகை மட்டும் கொஞ்சம் கூட்ட வேண்டியிருந்தது.

கிராமங்களில் பன்றி அறுக்கும் நாளில் இந்த மாதிரி உடனே கெடும் பகுதிகளை அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பும் பழக்கம் இருந்தது. அடுத்த முறை அந்த வீட்டில் அறுக்கும்போது அங்கிருந்து இங்கே வரும். ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் அதைவிட நல்ல சேமிப்பு முறை ஏது! பன்றியை ஆங்கிலத்தில் ‘ஆர்’ எழுத்து வரும் மாதங்களில் மட்டுமே அறுக்க வேண்டும் என்றும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரையிலான குளிர்மாதங்கள்தான் அவை. எங்கள் தெருவில் இப்போதும் இந்த ஸ்டியூ செய்தால் மூடி போட்ட கிண்ணத்தில் ஒரு பங்கு மூதாட்டி வீட்டுக்குப் போகும். கிண்ணம் காலியாகத் திரும்பாது, சோடா பிரெட்டோ ஆப்பிள் கேக்கோ அதில் இருக்கும்.

உடல்நலம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கிட்னியில் பி12 வைட்டமினும் இரும்பும் நிறைய உண்டு, உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரினும் நிறைய உண்டு. யூரிக் அமிலம் கூடுதலாக இருப்பவர்கள், கௌட் மூட்டுவலி உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. பன்றி உள்ளுறுப்புகளை அரைவேக்காட்டில் சாப்பிடவே கூடாது, நடுப்பகுதி 75 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும். ஒன்றரை மணி நேரம் வேகும் இந்த ஸ்டியூவில் அந்தக் கவலை இல்லை. மிஞ்சியதைச் சீக்கிரம் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் ருசி கூடியிருக்கும். சூடாக்கும்போது கொதிக்கக் கொதிக்கச் சூடாக்குங்கள், ஒரு முறைக்கு மேல் வேண்டாம். ஃப்ரீசரில் வைத்தால் கிட்னி துளைத்துளையாகிவிடுகிறது, நான் வைப்பதில்லை.

பன்றி சாப்பிடாதவர்கள் மாட்டு ஸ்கர்ட்டும் ஆட்டுக் கிட்னியும் வைத்து இதே முறையில் செய்யலாம். மாட்டு ஸ்கர்ட் வேக இரண்டு மணி நேரமாவது பிடிக்கும், தண்ணீரும் இன்னும் ஒரு டம்ளர் வேண்டும். ஆட்டுக் கிட்னி சின்னது, வாடையும் குறைவு, அரை மணி நேர ஊறலே போதும். அதை ஆரம்பத்தில் போடாமல், மாவு சேர்த்த பிறகு கடைசிப் பத்து நிமிடத்தில் போட்டு, உள்ளே சிவப்பு மறைந்ததும் இறக்கிவிடுங்கள்.